கண் திறந்தாச்சா மேம்?

"மேம், இவருக்குக் கண் திறந்திருக்கா?"

தில்லி ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில், சோழர் காலத்து நடராஜர் முன்னால் நின்றுகொண்டு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைக் கேட்டான். எவ்வளவு கிட்டே போக விடுவார்களோ அவ்வளவு கிட்டே போய், கழுத்தை நீட்டி, சிலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட வந்த மற்ற முப்பத்துச் சொச்சம் பேரும் முயலகனைப் பார்த்துச் சிரிப்பதும், செல்ஃபி எடுக்கக் கூடாது என்று நான் சொன்னதை மறப்பதுமாக இருந்தார்கள். இவன் மட்டும் கண்ணைப் பார்த்தான். பார்க்கச் சொன்னதே நான்தான். முந்தின வாரம் வகுப்பில், சிலைக்குக் கடைசியாகக் கண் செதுக்கும் சடங்கான கண் திறப்பு பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, இப்போது பதில் தெரியாமல் நின்றேன்.

அவன் ஏன் கேட்டான் என்பதும் புரிந்தது. நூற்றாண்டுக் கணக்கில் பாலும் சந்தனமும் எண்ணெய்யும் பட்ட படிமங்களில் முகம் தேய்ந்துபோகும். மூக்கின் கூர்மை மழுங்கும், கண்விழியின் கோடு மறையும். கூடத்தின் மங்கலான விளக்கில் கருவிழி எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

நான் கும்பகோணத்துக்காரி. அம்மா வீடு சுவாமிமலை. கோடை லீவு முழுக்க அங்கேதான். பாட்டி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ஸ்தபதியின் பட்டறை. காலையில் அரம் தேய்க்கிற சத்தத்தில்தான் எழுந்திருப்போம். தேன்மெழுகோடு குங்கிலியப் பொடியும் எண்ணெய்யும் சேர்த்துக் காய்ச்சுகிற வாசனை தெருமுனை வரைக்கும் வரும். இன்றைக்கும் கோயிலில் குங்கிலியம் போட்டால் எனக்குப் பக்தி வருவதற்கு முன்னால் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது.

அங்கே பார்த்ததைத்தான் இன்றுவரை பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்தே முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, தொடை எவ்வளவு என்று அளவு எடுப்பார்கள். ஸ்கேல் கிடையாது. மெழுகில் உருவம் செய்வார்கள். பூணூலுக்கும் கை வளைக்கும் மெழுகைச் சேமியா மாதிரி உருட்டி ஒட்டுவார்கள். இளகிப்போனால் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அப்புறம் அதன்மேல் காவிரி வண்டல் மண். முதல் பூச்சு மட்டும் அரைத்துச் சலித்த மைய மண், நகையின் கோடெல்லாம் அதில்தான் பதிய வேண்டும். அதற்கு மேலே கொஞ்சம் கரடான மண், கம்பிக் கட்டு. காய்ந்ததும் வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே இருப்பது வெறும் இடம். அந்த வெறும் இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால் சிலை. அச்சும் போச்சு, மெழுகும் போச்சு, அதே மாதிரி இன்னொன்று வேண்டுமென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதெல்லாம் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். யாரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் கண் திறக்கும் நாளில் மட்டும் கதவைச் சாத்திவிடுவார்கள். தங்க உளியால் திறப்பார்களாம், அப்போது கண் எதிரே ஆள் நிற்கக் கூடாதாம், முதல் பார்வையைக் கண்ணாடியில்தான் வாங்குவார்களாம், பிறகு பசுவும் கன்றும், நெல்லும், கன்னிப் பெண்களும். எல்லாமே 'ஆம்'தான், நான் நேரில் பார்த்ததில்லை. ஒரு தடவை என் மாமா பெண்ணும் நானும் சாவித்துவாரத்தில் எட்டிப் பார்த்துப் பாட்டியிடம் முதுகில் வாங்கியது மட்டும் நேரடி அனுபவம்.

கல்யாணம் ஆகி 2006-இல் தில்லி வந்தேன். ஆர்.கே.புரத்தில் குடியேறிய முதல் வாரமே மலை மந்திருக்குப் போனால், அங்கே இருப்பவரும் சுவாமிநாதன்தான், கோயிலுக்குப் பெயர் உத்தர சுவாமிமலை. 'யாமிருக்க பயமேன்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. இந்தி தெரியாமல் ஆட்டோக்காரரிடம் இருநூறு ரூபாய் ஏமாந்து வந்திருந்த எனக்கு அன்றைக்கு அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. பதினேழு வருடம் கழித்து, 2023-இல் ஜி20 மாநாட்டுக்காக, சுவாமிமலையிலேயே வார்த்த 27 அடி நடராஜர் லாரியில் ஏறி வந்து பாரத் மண்டபத்தின் முன்னால் நின்றார். பதினெட்டு டன், அஷ்டதாது என்கிற எட்டு உலோகக் கலவை, அதே மெழுகு, அதே வண்டல் மண். தில்லைக்கும் தில்லிக்கும் ஓரெழுத்துதானே வித்தியாசம் என்று என் கணவர் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சமூக அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் சில வருடங்கள் நான் ஆசியக் கலையை நடத்திய விதத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கரும்பலகையில் நான்கு கட்டம் போடுவேன். வம்சம், காலம், இடம், சிறப்பு. காந்தாரம், மதுரா, பல்லவர், சோழர். பௌத்தம் என்றால் சீனாவுக்குப் போனது, ஜப்பானுக்குப் போனது, பார்சல் போனது மாதிரி. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் கக்குவார்கள், மார்க்கும் வரும். என் வகுப்பில் பாதி தமிழ்ப் பிள்ளைகள், வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகிறவர்கள். மீதி மலையாளி, பிகாரி, மணிப்பூரி, லடாக்கி. அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பூஜை அலமாரியோ, தொழுகை விரிப்போ, படமோ இருக்கிறது. நான் போட்ட கட்டத்தில் அது எதற்கும் இடம் இல்லை.

மாற்றியது மொகஞ்சதாரோவின் நடன மங்கைதான். முதல்தடவை பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனபோது எல்லோருடைய முகமும் தொங்கிப்போய்விட்டது. "அவ்வளவுதானா? இத்துனூண்டா?" பாடப்புத்தகத்தில் முக்கால் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தால் ஆளுயரம் என்றுதானே நினைப்பார்கள். உண்மையில் 10.5 செ.மீ. ஒரு பெண் தன் உள்ளங்கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து பார்த்து, "மேம், இவ என் கைக்குள்ள அடங்கிடுவா" என்றாள். எப்படிச் செய்தார்கள் என்று அடுத்த கேள்வி. மெழுகில் செய்து, மண் பூசி, உருக்கி என்று நான் சொல்ல ஆரம்பித்ததும், அத்தனை சத்தமும் அடங்கிவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் சிந்துக் கரையில் யாரோ செய்த வேலையும் என் பாட்டி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நடந்த வேலையும் ஒன்று என்பது, சொல்லப்போனால், அந்தக் கூடத்தில் நின்று சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

அதற்கப்புறம் கட்டம் போடுவதை விட்டுவிட்டேன். கையால் செய்து பார்க்கிறோம்.

வகுப்பறையில் வெண்கலம் காய்ச்ச முடியுமா? யோசித்து யோசித்துக் கடைசியில் வெல்லப் பாகில் முடிவு செய்தேன். மெழுகுவர்த்தியை இளக்கிப் பிள்ளைகள் ஆளுக்கொரு உருவம் செய்தார்கள். உத்தம் நகர் குயவர் குடியிருப்பிலிருந்து ஒரு மூட்டைக் களிமண் வாங்கி வந்து பூசினோம். ஒரு வாரம் மாடியில் காய வைத்து, என் வீட்டு ஓவனில் சூடுபண்ணி மெழுகை வடித்தேன் (அந்த ஓவனில் அப்புறம் கேக் செய்யவே முடியவில்லை, அது தனிக் கதை). கமர்கட்டுப் பதத்துக்குப் பாகு காய்ச்சி, நானே ஊற்றினேன்.

மறுநாள் அச்சை உடைத்தோம். முப்பத்திரண்டில் தேறியது பத்தோ பதினொன்றோ. பீமன் மாதிரி ஒருவன் வந்தான், தலையில்லாமல். ஆமை ஒன்று ஓட்டோடு மண்ணிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு பையன் ஆசையாகச் செய்த யானைக்குத் தும்பிக்கையே இல்லை. அழாத குறை. தும்பிக்கையின் நுனி வரைக்கும் பாகு ஏன் போகவில்லை? அச்சை உடைத்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தான், உள்ளே வழி இருக்கிறது, சுத்தமாகத்தான் இருக்கிறது. "உள்ள ஏற்கெனவே எது இருந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "காத்து" என்றான். காற்று போக வழியில்லை என்றால் பாகு வர வழியில்லை. அதனால்தான் பட்டறையில் மெழுகுச் சிலையோடு திரி திரியாக மெழுகுக் குச்சிகளும் ஒட்டி வைப்பார்கள், ஊற்றுவதற்கு ஒன்று, காற்று போவதற்கு ஒன்று. சின்ன வயதில் நான் அந்தக் குச்சிகளைச் சிலைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். தும்பிக்கை இல்லாத யானையைத் தின்றுவிட்டோம். மிச்சத்தை அலமாரியில் வைத்ததில் எறும்பு வந்து, அதற்காகத் தலைமையாசிரியையிடம் நான் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கண் திறப்புக்கு வந்தது இப்படித்தான். தேறின உருவங்களுக்கு ஊசியால் கண் வைக்கச் சொன்னேன். வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் எல்லோரும் தயங்கினார்கள். கண் வைத்ததும் அது என்னவோ வேறு பொருளாகிவிடுகிறது, அதுவரை வெல்லம். "இனிமே எப்படி மேம் தின்றது?" என்று ஒருத்தி கேட்டாள். (தின்றாள்.)

இந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஆசியா முழுக்கப் போகலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இலங்கையில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சடங்கில் ஓவியர் சிலையை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்தபடி தோளுக்கு மேலே தூரிகையை நீட்டி எழுதுவார். முடிந்ததும் அவர் கண்ணைக் கட்டி வெளியே அழைத்துப் போவார்கள், அவர் முதலில் பார்க்கிற பொருள் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பானையையோ மரத்தையோ காட்டுவது வழக்கம். பிள்ளைகளுக்கு இது பயங்கரமாகப் பிடித்துவிட்டது. ஒரு வாரம் வகுப்பில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை, எல்லாம் பென்சில் பாக்ஸ் மூடியின் கண்ணாடியில்தான்.

ஜப்பானுக்குப் போனால் இன்னும் பெரிய விஷயம். நாரா நகரத்தில் தோதாய்ஜி கோயிலின் மாபெரும் வெண்கல புத்தருக்கு 752-ஆம் ஆண்டு கண் திறந்தார்கள். தூரிகையைப் பிடித்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போன துறவி. அந்தத் தூரிகையில் நீளமான நீலக் கயிறுகளைக் கட்டி, கீழே நின்றவர்களின் கையில் கொடுத்திருந்தார்கள். பதவி துறந்த பேரரசர் ஷோமுவும் அதில் ஒருவர். தூரிகை அசையும்போது கயிறு அசையும், கயிற்றைப் பிடித்த எல்லோருமே கண் திறந்ததாகக் கணக்கு. நம் ஊரில் கும்பாபிஷேகத்தன்று தர்ப்பைக் கயிற்றைக் கருவறையிலிருந்து கொண்டுவந்து கும்பத்தோடு இணைப்பார்களே, அது ஞாபகம் வரவில்லையா? இரண்டுக்கும் நேரடி உறவு உண்டென்று நான் சொல்ல மாட்டேன், ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கின்றன. போரில் கோயில் எரிந்து, சிலையைத் திரும்பச் செய்தபோது 1185-இல் அதே தூரிகையை எடுத்துத்தான் மறுபடி கண் வைத்தார்கள்.

வகுப்பில் இதைக் கயிறு கட்டியே செய்தோம். ஒரு துடைப்பக் குச்சியின் நுனியில் தூரிகை, அதில் முப்பத்திரண்டு நூல்கண்டு நூல்கள். கரும்பலகையில் வரைந்த முகத்துக்கு எல்லோருமாகக் கண் வைத்தார்கள். கண் நெற்றியில் விழுந்தது. பரவாயில்லை, முக்கண்ணன் என்று வைத்துக்கொண்டோம்.

திபெத்தியத் தங்கா ஓவியம் பற்றிப் பேசிய நாளில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. லோதி சாலையில் 1965-இல் தலாய் லாமா தொடங்கிய திபெத் ஹவுஸ் இருக்கிறது, உள்ளே சின்ன அருங்காட்சியகம், நல்ல தங்காக்கள். துணியில் கட்டம் போட்டு அளவெடுப்பது, கல்லை அரைத்து எடுத்த நிறங்கள், கடைசியாகக் கண் எழுதுவது என்று நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். லடாக்கிலிருந்து வந்த பெண், வருடம் முழுக்க வாயே திறக்காதவள், கையைத் தூக்கினாள். "மேம், நீங்க பின்பக்கம் பார்த்திருக்கீங்களா?"

இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்?

மறுநாள் அவள் அப்பாவின் போனிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவர்கள் வீட்டுத் தங்காவைத் திருப்பி வைத்து எடுத்தது. முன்பக்கம் தெய்வத்தின் நெற்றியும் தொண்டையும் நெஞ்சும் எங்கே வருகிறதோ, சரியாக அந்த மூன்று இடங்களில், பின்புறத் துணியில் மூன்று எழுத்துகள். ஓம், ஆ, ஹூம். உடல், வாக்கு, மனம். லாமா வந்து எழுதிய பிறகுதான் அது வீட்டில் தொங்குமாம், அதுவரை சுருட்டித்தான் வைத்திருப்பார்களாம். அன்றைக்குப் பாதிப் பீரியட் அவள்தான் வகுப்பெடுத்தாள். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: நான் நடத்துகிற எந்த மரபும் வகுப்பில் யார் வீட்டிலாவது உயிரோடு இருந்தால், முதலில் அவர்கள் பேசுவார்கள், பிறகு நான்.

எல்லாம் இப்படி இனிமையாகவே போகவில்லை. பிள்ளையார் ஜப்பானில் காங்கிதென் என்ற பெயரில் இருக்கிறார். யானைத் தலையோடு இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் வடிவம். பெரும்பாலும் மூலச் சிலையைப் பொதுமக்களுக்குக் காட்டவே மாட்டார்கள், மூடிய பேழைக்குள்தான். தோக்கியோ அசக்குசா பக்கத்தில் மாத்சுச்சியாமா ஷோதென் கோயிலில் அவருக்குப் படையல் முள்ளங்கி. முழு வெள்ளை முள்ளங்கியை வாங்கிக்கொண்டு போய் வைத்துக் கும்பிடுகிறார்கள். கியோத்தோவில் அவர் பேரில் ஒரு பலகாரம் உண்டு, உள்ளே பூரணம், மேலே பை மாதிரி முடிச்சு, எள்ளெண்ணெயில் பொரித்தது. நம் மோதகத்தைப் பார்த்த மாதிரியே இருக்கும். முள்ளங்கியைச் சொன்னதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, முள்ளங்கி சாம்பாருக்குப் புது மரியாதை வந்தது.

மறுநாள் ஒரு பெற்றோர் வந்துவிட்டார். பிள்ளையார் பிரம்மச்சாரி, அவரைக் கட்டிப்பிடித்த மாதிரி எப்படிக் காட்டலாம்? நான் காட்டியது கோட்டோவியம்தான், அதிலும் துணி போர்த்திய உருவங்கள்தான். வடக்கே அவருக்குச் சித்தி, புத்தி என்று இரண்டு மனைவியர் என்று என் இந்திக்காரத் தோழி எடுத்துக் கொடுத்தாள், அது எண்ணெய்யை ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அந்த ஸ்லைடை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். எனக்கு அதில் கோபம் இருந்தது, இன்னமும் இருக்கிறது. அந்த அப்பாவின் கலக்கத்தை நான் கேலி செய்யவும் மாட்டேன். தன் வீட்டுச் சாமி ஊர் மாறினால் வேறு பழக்கம் பழகிக்கொண்டிருக்கும் என்று யாரும் அவருக்கு அதுவரை சொன்னதில்லை. இப்போது முதலில் பெற்றோருக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன், முள்ளங்கியில் ஆரம்பித்து. முள்ளங்கிக்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். போதிதர்மர் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்று பல வருடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பிள்ளைகளின் முகத்தில் அப்போது வருகிற வெளிச்சத்தைப் பார்த்தால் நீங்களும் சொல்வீர்கள். ஒரு பத்தாம் வகுப்புப் பையன் லைப்ரரியில் தேடிவிட்டு வந்து, "எங்க எழுதியிருக்கு மேம்?" என்று கேட்டான். தேடினேன். லோயாங் நகர விகாரங்களைப் பற்றி 547 வாக்கில் எழுதியவர் அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறார். அவருடைய சீடர் என்று அறியப்படும் தான்லின், தென்னிந்தியப் பெருமன்னர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். காஞ்சியும் பல்லவரும் அங்கே இல்லை. பிற்காலச் சீன நூல்களில் வருகிற ஒரு நாட்டுப் பெயரைக் காஞ்சி என்று வாசிப்பவர்கள் உண்டு, அவ்வளவுதான். அடுத்த வகுப்பில் மூன்றையும் போர்டில் எழுதி, நான் சொன்னது மூன்றாவது வகை என்று ஒப்புக்கொண்டேன். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் நமக்குப் பெருமைப்பட உறுதியான சங்கதி இல்லாமலா போயிற்று? சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, சிவன் கோயில் ஒன்றைப் பற்றியது. பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி நடத்துகிற விழாவின் பெயரே திருவெம்பாவை, திருப்பாவை தாய்லாந்து நாக்கில் மாறிய வடிவம்தான். தில்லிக் குளிரில் விடிகாலை நாலரைக்கு மலை மந்திருக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று புலம்புகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "பாங்காக்ல குளிராது மேம்" என்கிறார்கள். அதுவும் சரிதான்.

சரி, நடராஜருக்கு வருகிறேன்.

அன்றைக்கு எங்களோடு ஒரு பாட்டியும் வந்திருந்தார். மயூர் விகாரிலிருந்து பேரனோடு வந்தவர், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள உதவிக்கு. வெண்கலக் கூடத்துக்குள் நுழைந்ததும் ஓரமாகச் செருப்பைக் கழற்றினார். நடராஜர் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவலர் "மாதாஜி, சப்பல்" என்று ஆரம்பித்து, அவர் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பையன்களில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, புத்தர் கூடத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே பிப்ராவாவில் கிடைத்த புத்தரின் எலும்புத் துண்டுகள், தாய்லாந்திலிருந்து அன்பளிப்பாக வந்த பொன்னிற மண்டபத்துக்குள் இருக்கின்றன. எங்கள் நல்ல நேரம், தாய்லாந்து யாத்ரீகர்கள் ஒரு குழுவாகத் தரையில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பு, கூப்பிய கை, கண்ணீர். 2024-இல் இந்தத் தாதுக்களில் சிலவற்றை விமானப்படை விமானத்தில் தாய்லாந்துக்குக் கொண்டுபோனபோது மக்கள் திரண்டு வந்து வணங்கினார்கள். அவர்களுக்கு இது காட்சிப்பொருள் கிடையாது. பாட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இங்கே தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். திரும்ப வெண்கலக் கூடத்துக்கு வந்தபோதுதான் அந்தக் கேள்வி.

எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். கோயிலில் இருந்த படிமம் என்றால் ஒருநாள் நிச்சயம் கண் திறந்துதான் இருப்பார்கள், திறக்காமல் பூஜை கிடையாது. பையன் விடவில்லை. "அப்போ இப்ப?" திருப்பணி சமயத்தில் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயம் என்கிற தற்காலிகச் சன்னிதியில் வைப்பார்கள் என்று சொன்னேன். ஆபத்துக் காலத்தில் படிமங்களை மண்ணில் எப்படிப் புதைப்பது என்று வைகானச ஆகமமே முறை சொல்லியிருப்பதையும் சொன்னேன். அப்படி மண்ணுக்குள் போய், மந்திரம் சொன்னவரும் செத்து, எடுத்து வைக்க ஆளில்லாமல் எத்தனையோ சாமிகள் கிடந்தார்கள். கடப்பாரை பட்டு வெளியே வந்தார்கள், அருங்காட்சியகத்துக்கு வந்தார்கள்.

பத்தூர் நடராஜர் கதையையும் சொன்னேன். 1976-இல் தஞ்சைப் பகுதியில் பாழடைந்த கோயிலருகே ஒரு கூலித் தொழிலாளி தோண்டும்போது கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டன் போய், கனடா நிறுவனம் ஒன்று வாங்கி, போலீஸ் பிடித்து, வழக்கானது. 1988-இல் தீர்ப்பு, 1991-இல் மேல்முறையீடும் தோற்றது. இதில் சிலையைக் கேட்டு வழக்காடியவர்களில் கோயிலே ஒரு தரப்பு. இடிந்து கிடந்த ஒரு கோயில் தன் சாமியைத் தரச் சொல்லி லண்டன் கோர்ட்டில் கேட்கலாம் என்று நீதிபதிகள் ஒத்துக்கொண்டார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் காட்சியகம் 2008-இல் 51 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது, திருட்டுச் சொத்து என்று தெரிந்து 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே தில்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆறு வருடமும் அவர் கலைப்பொருளா, காணாமல்போன சாமியா?

"ரெண்டும்தான்" என்றாள் ஒருத்தி. "ஒன்னும் இல்ல, உலோகம்" என்றான் இன்னொருவன், அவன் அப்பா பகுத்தறிவுக்காரர், அவனுக்கும் என் வகுப்பில் இடமுண்டு. லடாக்கிப் பெண் மெதுவாக நடந்து சிலையின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "பின்னாடியும் ஜடை செஞ்சிருக்காங்க மேம். யாரும் பார்க்கமாட்டாங்கன்னு விடல."

கேள்வி கேட்டவன் கடைசியில் பாட்டியிடமே போய்க் கேட்டான். பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவர் பார்க்கறாரா இல்லையான்னு எனக்கெப்படிடா தெரியும்? நான் பார்த்தேன். கால் வலிக்கறது, உட்கார எங்கேயாவது எடம் இருக்கா பாரு."

அந்த வருடக் கடைசியில் சக ஆசிரியை ஒருவரின் தம்பி தோக்கியோவிலிருந்து வரும்போது எங்கள் வகுப்புக்கு ஒரு தருமா பொம்மை வாங்கி வந்தார். காகிதக்கூழில் செய்த சிவப்பு உருண்டை, கை கால் கிடையாது, தள்ளிவிட்டால் எழுந்து உட்காரும். தருமா என்றால் போதிதர்மர்தான். ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில் கைகால் மரத்துப்போயிற்றாம். தூக்கம் வந்ததென்று இமையையே அறுத்து எறிந்தாராம், அது விழுந்த இடத்தில்தான் தேயிலை முளைத்ததாம். இமையில்லாத அந்தக் கண்கள் பொம்மையில் வெறும் வெள்ளை வட்டங்கள். ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை வரைய வேண்டும், அது நடந்ததும் மற்றக் கண்.

என்ன நினைப்பது என்று ஒரு பீரியட் முழுக்கச் சண்டை. கணக்குப் பரீட்சை ரத்தாக வேண்டும் என்ற தரப்பு வலுவாக இருந்தது. ஓட்டெடுப்பில் ஜெயித்தது சுவாமிமலை. எல்லோரும் ஒருதடவை பட்டறையைப் பார்க்க வேண்டும், முடிந்தால் கண் திறக்கும்போது வெளியில் நிற்கவாவது வேண்டும். யானை செய்தவன்தான் மார்க்கரால் இடது கண்ணை வைத்தான், நூல் கட்டாமல். நான் அனுமதிக்கு எழுதிப் போட்டேன். இரண்டு இரவு ரயில், முப்பத்திரண்டு பிள்ளைகள், யார் பொறுப்பு என்று கேட்டுக் கடிதம் திரும்பி வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன்.

பொம்மை வகுப்பு அலமாரியில், எறும்பு ஏறாத மேல்தட்டில், ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. போன திங்கட்கிழமை தூசி தட்ட எடுத்தபோது பார்த்தேன். வலது கண்ணில், வெள்ளையின் நடுவே, மிக லேசாகப் பென்சிலால் ஒரு புள்ளி. யார் வேலை என்று கேட்கவில்லை. ரப்பரை எடுத்தேன், அப்புறம் பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.